ஸொம்பிக் கதையில் உயிரோடிருப்பவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இதழின் சிறுகதைப் பக்கத்தில் இளையவர்கள் எழுதும் ஸொம்பிக் கதைகளைக் குறைகூறி வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்தோம். பிணம் எழும்பி வந்து கடிப்பது எங்கள் மரபில் இல்லாத சங்கதி, அதனால்தான் இந்தக் கதைகள் ஒட்டவில்லை என்பது அவர் கட்சி. ஒட்டவில்லை என்பது சரி. அவர் சொல்லும் காரணம் சரியில்லை. பிணத்துக்குள் புகுந்துகொண்டு கேள்வி கேட்கும் வேதாளத்தின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு எழும்பி நடக்கும் பிணம் பெரிய புதினமில்லை. இந்தக் கதைகளில் ஒட்டாமல் நிற்பவர்கள் உயிரோடிருக்கும் ஆட்கள்.

பம்பலப்பிட்டியில் குடியிருக்கும் இருபது வயதுப் பெடியன் மேசை இலாச்சியைத் திறந்து கைத்துப்பாக்கியை எடுக்கிறான். குடும்பத்தை நிலக்கீழ் அறைக்குள் இறக்கிக் கதவைப் பூட்டுகிறான். கொழும்பில் எத்தனை வீட்டுக்கு நிலக்கீழ் அறை இருக்கிறது? இருந்தாலும் முதல் பெருமழைக்கே முழங்கால் தண்ணீர் நிற்கும். அப்படியென்று துப்பாக்கியைப் பிடுங்கிவிட்டுக் கொத்துரொட்டித் தகட்டைக் கையில் கொடுத்தாலும் வேலை முடிந்துவிடாது. அதுவும் நடக்கிறது. காலி வீதி, 100ஆம் இலக்க பஸ், கடலை வண்டி எல்லாம் கதையில் வரும். அவற்றுக்கு நடுவே ஓடுகிறவன் மட்டும் ஏதோ ஒரு படத்தில் பார்த்த ஆளாகவே இருப்பான். சிறுகதைகளைத் திருத்திக் கொடுக்கும் வேலையில் இருப்பவர்கள் என்ற முறையில், இதை எப்படிச் சரிசெய்யலாம் என்று எழுதுகிறோம். தங்கள் பக்கத்துக்கு எழுதும் பிள்ளைகளுக்குப் பயன்படும் என்றால் பிரசுரியுங்கள்.

முதலில் அளவு. தங்கள் பக்கத்தில் ஒரு கதைக்குக் கிடைப்பது ஏறக்குறைய 1,500 சொல். அதற்குள் பெயருள்ள ஆட்கள் மூன்று பேருக்கு மேல் தாங்காது. நாலாவது ஆள் வந்தால் யாரோ ஒருவருக்குப் பெயரைத் தவிர வேறொன்றும் மிஞ்சாது. அந்த மூவரில் ஒருவரின் கண்ணால் மட்டும் கதையைப் பார்க்க வேண்டும். அவர் காணாததை வாசகரும் காணக்கூடாது. வைரஸ் எந்த ஆய்வுகூடத்திலிருந்து தப்பியது என்பது வெள்ளவத்தையில் தேங்காய் துருவிக்கொண்டிருக்கும் ஒருவருக்குத் தெரிய வழியில்லை. ஆகவே அதை விளக்கும் டொக்டர் பாத்திரத்தை வெட்டிவிடலாம். இருநூறு சொல் மிச்சம்.

அந்த ஒருவருக்குப் பிணம் வருவதற்கு முன்பே அன்றைக்கு முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்க வேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ‘அவன் சன்னலோரம் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான்’ என்று தொடங்கும் கதையில் ஸொம்பி வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான். அவனிடமிருந்து பறிபோக எதுவும் இல்லை.

புறக்கோட்டையில் வண்டில் தள்ளும் நாட்டாமி ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 52. கெய்சர் வீதி மொத்தக் கடையொன்றில் எட்டுப் பொதி துணி ஏற்றியிருக்கிறார். மாலை ஆறு மணிக்கு முன் அதை ஹட்டன் போகும் லொறியில் எண்ணி ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தால்தான் கூலி, ஒரு பொதி குறைந்தாலும் அது அவர் தலையில். ஐந்தரை மணிக்குப் பிரதான வீதிப் பக்கமிருந்து சனம் சிதறி ஓடி வருகிறது. புதிதாக எழுதுகிறவர் இந்த இடத்தில் நாட்டாமியை வண்டிலைப் போட்டுவிட்டு ஓட வைப்பார், உயிர்தானே பெரிது என்று. முப்பது வருடம் சுமையைக் கணக்குக் கொடுத்தே பிழைத்தவர் அப்படி ஓடமாட்டார். நாலு முழம் தள்ளுவார். நிற்பார். வண்டிலைச் சுவரோரம் சரித்து, படங்கை இழுத்து மூடி, கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் ஓடுவார். அதற்கு ஒரு நிமிடம் பிடிக்கும். ஆபத்து அந்த நிமிடத்துக்குள் வரட்டும். வாசகர் ‘விட்டுட்டு ஓடுமையா’ என்று பல்லைக் கடிப்பார்; ஆனால் ஏன் ஓடவில்லை என்று கேட்கமாட்டார்.

இதே நாட்டாமிக்குத் தொழில் கற்றுக்கொடுத்த இரண்டு விஷயங்களையும் பயன்படுத்தலாம். நெரிசல் எந்தப் பக்கமிருந்து தள்ளுகிறது, எந்தச் சந்து அந்தப் பக்கம் திறக்கும், எது முட்டுச் சந்து என்பது அவர் காலுக்குத் தெரியும். ஒரு பொதி 40 கிலோ என்று வைத்தால்கூட எட்டுப் பொதி 320 கிலோ. உருளத் தொடங்கிய வண்டில் நினைத்த இடத்தில் நிற்காது, எதிரே வருவதை அடித்துக்கொண்டு போகும். இது அவரை ஒரு தடவை காப்பாற்றும். மற்றது, வழி கேட்டுச் சத்தம் போடும் பழக்கம். நெரிசலைக் கண்டதும் வாய் தானாகக் கத்தும். உயிருள்ள சனம் அந்தச் சத்தத்துக்கு விலகும். சத்தம் கேட்ட திசைக்கு வரும் பிணங்கள் நெருங்கும். கையிலுள்ள பழக்கம் ஒரு தடவை காப்பாற்றி இன்னொரு தடவை மாட்டிவிட வேண்டும்; இரண்டையும் ஒரே ஆளின் தொழிலிலிருந்து எடுத்தால், கதையைத் திருப்ப வெளியிலிருந்து தற்செயல் எதையும் கொண்டுவரத் தேவையில்லை.

ஆகவே எழுதத் தொடங்க முன் அரைப்பக்கத்தில் இந்த ஆளைப் பற்றிச் சில விஷயங்களை எழுதி வைத்துக்கொள்வது நல்லது. இன்று இரவுக்குள் என்ன முடிக்க வேண்டும். யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறார், காசாகவோ நன்றியாகவோ. சட்டைப்பையிலும் கைப்பையிலும் இப்போது என்ன இருக்கிறது. உடம்பில் எங்கே வருத்தம். எந்த மொழியில் திட்டுவார், எந்த மொழியில் உதவி கேட்பார். செத்தாலும் செய்யமாட்டாத ஒன்று. பிடித்த நிறம், ராசி, சின்ன வயதில் நடந்த சோகம் இவையெல்லாம் வேண்டாம். 1,500 சொல்லுக்குள் அவற்றுக்கு வேலை வராது. எழுதியதில் மூன்றில் ஒரு பங்குதான் கதைக்குள் போகும். மிச்சம் கதாசிரியரின் கையை நேராக வைத்திருக்க.

உடம்பைப் பற்றி எழுதும்போது கணக்குப் பார்க்க வேண்டும். 64 வயது முழங்கால் வலிக்காரர் ஆறு மாடி ஓடி ஏறி, மேலே நின்று மூச்சு வாங்காமல் வசனம் பேசுகிறார். தண்ணீர் இயந்திரத்தில் கவிழ்க்கும் 19 லீற்றர்ப் போத்தல் இரண்டை ஒரு பெண்பிள்ளை கைக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு படியேறுகிறாள். தண்ணீர் மட்டும் 38 கிலோ. 12.5 கிலோ சமையல் வாயு சிலிண்டரை ஒருவன் தலைக்கு மேல் தூக்கி எறிகிறான். நிறைந்த சிலிண்டர் இரும்போடு சேர்ந்து அதைப்போல் இரண்டு மடங்கு வரும் என்பது அதை வாசலிலிருந்து குசினிக்கு உருட்டிய எவருக்கும் தெரியும். இப்படி ஒரு பிழை போதும். அதற்குப் பிறகு அந்த ஆளின் கண்ணீரையும் வாசகர் நம்பமாட்டார்.

அடிக்கடி வருகிற இன்னொரு பிழை இன்சுலின். மின்சாரம் நின்ற அன்று இரவே மருந்து பழுதாகிப் பாட்டி மயங்கி விழுவார். திறக்காத குப்பியைத்தான் 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் வைக்கச் சொல்கிறார்கள். பாவனைக்கு எடுத்த இன்சுலினில் பெரும்பாலான வகைகள் 30 பாகைக்கு மேற்படாமல் வைத்தால் ஏறக்குறைய 28 நாள் தாங்கும். கொழும்பு வெக்கையில் அந்த 30 பாகைதான் சிக்கல். அதற்கு ஈரத்துணி சுற்றிய மண்சட்டி ஒன்றைக் குசினி மூலையில் வைக்கலாம். மயக்கத்தைவிட அந்தச் சட்டி நல்ல கதைப்பொருள். ஒவ்வொரு நாளும் அதைத் தொட்டுப் பார்த்து ஈரமாக்குகிற ஆள் யார் என்று வாசகர் கவனிப்பார். அந்த ஆள் ஒருநாள் வரமாட்டார்.

கடியை மறைக்கும் பாத்திரம் ஸொம்பிக் கதைகளில் தேய்ந்துபோன ஒன்று. இருந்தாலும் அதை ஒதுக்கச் சொல்லமாட்டோம். மறைப்பவனைச் சுயநலக்காரனாக்குவதுதான் கெடுக்கிறது. கடிபட்டதும் கொழும்புக்காரன் ஒருவனுக்கு முதலில் நினைவுக்கு வருவது விசர்நாய்க்கடி. சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவு, பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடு என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் அவன் நேரே குளியலறைக்குப் போகிறான். குழாய்ச் சத்தம் நிற்கவேயில்லை. மோட்டர் ஓட மின்சாரமில்லை, கூரைத் தாங்கியில் இருப்பதுதான் எல்லாருக்கும். வெளியிலிருந்து தாய் கத்துகிறார், தண்ணியை வீணாக்காதே என்று. அவனோ நிமிடத்தை எண்ணிக்கொண்டு நிற்கிறான். கடியைப் பற்றி இந்த இடத்தில் ஒரு சொல்லும் வேண்டாம். பிறகு சாப்பாட்டு நேரம்.

“அம்மா, ஒரு கரண்டி தாங்கோ.”

“ஏன் தம்பி, கைக்கென்ன?”

“ஒண்டுமில்லை. விரல் விறைச்சுப் போச்சு.”

“குழைச்சுத் தரட்டே?”

“வேண்டாம் எண்டுறன். தொடாதேங்கோ!”

சோற்றைக் கையால் குழைத்துச் சாப்பிடும் வீட்டில் வலது கையில் பட்ட கடியை இரண்டு நேரச் சாப்பாட்டுக்கு மேல் மறைக்க முடியாது. ‘தொடாதேங்கோ’ என்றதில் தாய்க்குப் பாதி விளங்கிவிடும். அவர் எழுந்து போய்க் கரண்டியை எடுத்து வந்து வைக்கிறார், அவ்வளவுதான். அழவில்லை. கேட்கவுமில்லை. இனி அவர் மற்றப் பிள்ளைகளை எந்த அறையில் படுக்க வைக்கிறார் என்பதைக் காட்டினால் போதும். இடைவெளி முக்கியம்: குழாய்ச் சத்தம் 400ஆவது சொல்லுக்குக் கிட்ட, கரண்டி 800க்குக் கிட்ட, கடி வெளியே தெரிவது 1,100க்குப் பிறகு. இரண்டு தடயங்களும் பக்கத்துப் பக்கத்துப் பந்தியில் வந்தால் வாசகர் கதாசிரியரைப் பிடித்துவிடுவார்.

இனி, எங்கள் ஊர்க் கதைகளில் யாரும் தொடாத ஒன்று. கொழும்பில் ஒவ்வொரு வயதுக்காரருக்கும் ஆபத்து என்பது வேறொரு வடிவத்தில்தான் பழக்கம். இருபது வயதுக்காரருக்கு 2020 ஊரடங்கும் 2022 பெற்றோல் வரிசையும். ஆபத்து என்றதும் அவர் வரிசையில் இடம் பிடிக்கவும் கைபேசியில் செய்தி தேடவும் பார்ப்பார். நாற்பது, ஐம்பது வயதுத் தமிழருக்குச் சோதனைச்சாவடி. எந்த அவசரத்திலும் அடையாள அட்டை இருக்கிறதா என்று சட்டைப்பையைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் படி இறங்குவார். எழுபதுக்கு மேற்பட்டவருக்கு 1983 ஜூலை. தமிழர் வீடுகளைத் தேடி வந்த அன்றைய கும்பல்கள் சிலவற்றின் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது பதிவான விஷயம். வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் மூன்றாம் மாடியில் இருக்கும் மூதாட்டியிடம், கீழே கூட்டம் வருகிறது என்று பேரன் ஓடிவந்து சொன்னால், அவர் எழும்பி விளக்கை அணைப்பார். திரைச்சீலையை இழுப்பார். நகையைச் சீலைத் துண்டில் முடிவார். பிறகு கேட்பார்:

“அவங்கட கையில இடாப்பு இருக்கோ?”

பேரனுக்கு விளங்காது. வாசகருக்கு விளங்கும். இந்த ஒரு வசனத்தோடு மூதாட்டி முழு ஆளாகிவிடுகிறார். பழைய கதை எதையும் பின்னோக்கிச் சொல்லத் தேவையில்லை. அவருடைய பிழையும் இதிலேயே இருக்கிறது. வருகிற கூட்டம் யார் எவர் என்று பார்க்காது, பெயர் கேட்காது. பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பத்திடம் பிள்ளையை ஒப்படைத்தால் தப்பும் என்று அன்று கற்ற பாடம் இன்று வேலை செய்யாது. அவர் பிள்ளையை ஒப்படைக்கத்தான் போவார். இரண்டு வீடும் ஒரே ஆபத்தில் நிற்கும் அந்தக் கதவடியில் கதை நடக்கட்டும். ஒரு எச்சரிக்கை: ஸொம்பிக் கூட்டத்தையே 83 கும்பலுக்கு உருவகமாக்கிவிடாதீர்கள். கொன்றவர்கள் உயிரோடு, அறிவோடு, தெரிந்துதான் செய்தார்கள். அவர்களைப் பிணமாக்கினால் அவர்கள் பொறுப்பிலிருந்து கழன்றுவிடுவார்கள். பழைய பயம் ஆளுக்குள் இருக்கட்டும், பிணத்துக்குள் வேண்டாம்.

இதேபோல் எல்லா ஸொம்பிக் கதையிலும் ஒரு கட்டளை வரும்: பிணங்களை எரித்துவிடுங்கள். வேறு ஊர்க் கதையில் அது வெறும் தகவல். இங்கே 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை கொவிட் தொற்றால் இறந்தவர்களை எரித்தே தீரவேண்டும் என்ற விதி இருந்தது. முஸ்லிம் குடும்பங்கள் ஜனாஸாவை அடக்கம் செய்ய வழியில்லாமல் தவித்தன. பிறகு அனுமதி கிடைத்தபோதும் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடி வரை கொண்டுபோக வேண்டியிருந்தது. மாளிகாவத்தையில் இருக்கும் ஒரு மகளிடம் வாப்பாவின் உடலை எரிக்கக் கொடு என்று இன்னொரு தடவை கேட்டால் அவள் என்ன செய்வாள்? ஒளிப்பாள். அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, மையத்து எடுத்தாயிற்று என்று வாசலில் வந்தவர்களிடம் பொய் சொல்வாள். இரவில் அறைக்குள் சத்தம் கேட்கும். திகில்கதை வாசகர்களின் நிரந்தர முறைப்பாடு, பாத்திரங்கள் முட்டாள்தனமாக நடக்கிறார்கள் என்பது. இந்த மகளை யார் முட்டாள் என்பார்கள்?

வில்லன் பற்றிச் சுருக்கமாக. இரும்புக் கேற்றைத் திறக்க மறுக்கும் தொடர்மாடிச் சங்கச் செயலாளர் எல்லாக் கதையிலும் தடித்த, பணக்கார, கத்துகிற ஆளாகவே வருகிறார். அவருக்கு ஒரு கணக்கைக் கொடுங்கள்: உள்ளே 40 குடும்பம், ஒரு கேற், ஒரு காவலாளி, கூரையில் இருக்கும் தண்ணீர் இத்தனை நாளுக்கு. கணக்கில் அவர் பிழையில்லை. கேற்றைச் சாத்த முன் கடைசியாக உள்ளே வந்த கிழவரின் பையை அவரே வாங்கி மேலே கொண்டுபோகட்டும். அதே ஆள் அடுத்த பந்தியில் ஒரு பிள்ளையை வெளியே விட்டுக் கேற்றைச் சாத்துவதை வாசகரால் தாங்க முடியாது. வேண்டியது அதுதான்.

பெண்களுக்கு அழுகையையும் அலறலையும் மட்டும் கொடுத்துவிட்டு, ஆண்களை முற்றுகைத் திட்டம் போட வைக்கும் கதைகளும் நிறைய. குசினியை நடத்துகிறவருக்குத்தான் அரிசி எத்தனை கொத்து, சிலிண்டர் எத்தனை நாளுக்கு, எந்தப் பால்மாப் பைக்கற் பாதி முடிந்தது என்பது தெரியும். 2022இல் விறகுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மாறி நின்று சமைத்தவர் அவர். திட்டம் அவர் வாயிலிருந்து வரட்டும்.

உதவிக்குத் தொலைபேசியைக் கையில் எடுக்காத பாத்திரம் நம்பிக்கைக்கு ஆகாது. கடிபட்டவர் கிடந்தால் இங்கே யாரும் 1990க்கு அடிப்பார்கள், சுவசெரிய அம்புலன்ஸ் வருமா என்று பார்ப்பார்கள், பிறகு பொலிஸுக்கு 119. இந்த அழைப்புகளைக் கதையில் ஒரு தடவையாவது காட்டி, ஏன் பயன்படவில்லை என்பதையும் காட்ட வேண்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் அடிப்பதால் தொடர்பு கிடைக்கவில்லை என்பது ஒன்று. மின்சாரம் நின்றால் கைபேசிக் கோபுர பட்டரி சில மணித்தியாலத்துக்கு மேல் தாங்காது என்பது இன்னொன்று. இரண்டில் ஒன்று போதும்.

ஊர்ப்பரப்பும் ஆளின் அறிவில் சேர்த்திதான். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கைகள் மரைன் டிரைவில் போய் முட்டும். அதற்கப்பால் தண்டவாளம், கருங்கல், கடல். அங்கே குடியிருப்பவர் துரத்தப்படும்போது கடல் பக்கம் ஓடமாட்டார். நேற்று ஊரிலிருந்து வந்து விடுதியில் தங்கியவர் ஓடுவார். இருவரையும் ஒன்றாக ஓடவிட்டால், யார் சொல்வதை யார் கேட்பது என்பதிலேயே ஒரு காட்சி கிடைக்கும். தூரத்தையும் பாருங்கள். கோட்டையிலிருந்து வெள்ளவத்தை ஏறக்குறைய 8 கிலோமீற்றர். மணிக்கு 4 கிலோமீற்றர் நடக்கும் பிணங்கள் இடையில் எங்கும் நிற்காமல் வந்தாலும் இரண்டு மணித்தியாலம். கோட்டையில் ‘அலறல் கேட்டு ஐந்து நிமிடத்தில்’ அவை வெள்ளவத்தைச் சந்தையில் நிற்பது அச்சாகியே வந்திருக்கிறது, மன்னிக்கவும்.

பேச்சு விஷயத்தில் ஒரு பரீட்சை உண்டு. உரையாடலில் பெயர்களைக் கையால் மறைத்துக்கொண்டு உரக்க வாசியுங்கள். யார் பேசுகிறார் என்று தெரியாவிட்டால் திருப்பி எழுத வேண்டியதுதான். பருத்தித்துறையிலிருந்து வந்து வெள்ளவத்தையில் இருக்கும் ஆசிரியை ‘வாங்கோ, இருங்கோ’ என்பார். பதுளையிலிருந்து வந்து புறக்கோட்டைக் கடையில் நிற்கும் பெடியன் ‘வாங்கண்ணே’ என்பான். மருதானைக் கடைக்காரரை எல்லாரும் ‘நானா’ என்பார்கள். ஓடுகிற பஸ்ஸில் மூவருமே கொண்டக்டரிடம் சிங்களத்தில்தான் பேசுவார்கள். இப்போது வருகிற கதைகளில் எல்லாரும் சென்னைப் படத் தமிழில் ‘டேய் மச்சி, ஓடுடா’ என்கிறார்கள், எழுபது வயதுக்காரர் உட்பட. பெயர்களுக்கும் வயது உண்டு. இராசரத்தினத்தாரின் பேரன் டிலக்சனாக இருக்கலாம், மறுதலையாக முடியாது. ஒரே கதையில் ரமேஷ், ராஜேஷ், ராகுல் மூவரும் வேண்டாம். ஓட்டக் காட்சியில் யார் விழுந்தார் என்று எங்களுக்கே தெரிவதில்லை.

பயத்தைச் சொல்வதற்குப் பிள்ளைகளிடம் ஆறேழு தயார்ச் சொற்கள் உண்டு. இதயம் படபடத்தது, உடல் நடுங்கியது, இரத்தம் உறைந்தது, நா வறண்டது. இவை வந்த இடமெல்லாம் ஆள் மறைந்துபோகிறார், ஏனென்றால் இவை எல்லாருக்கும் பொது. பதிலாக அந்த ஆள் நாள்தோறும் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் வேலை ஒன்று இன்று கைகூடாமல் போகட்டும். காசாளர் தாளை மூன்று தடவை எண்ணி மூன்று கணக்குச் சொல்லட்டும். பாமசிக்காரர் சட்டரின் பூட்டில் வீட்டுத் திறப்பைப் போட்டுத் திருகட்டும்.

கடைசியாகப் பிணம். அதையும் ஒரு பாத்திரமாக்க முடியுமா என்றால், ஒன்றை மட்டும் ஆக்கலாம். அது உயிரோடிருந்ததை வாசகர் முன்பே பார்த்திருக்க வேண்டும்; எழும்பிய பிறகு அதனிடம் பழைய வாழ்வின் மிச்சம் ஒன்றே ஒன்று இருக்கலாம், இரண்டு கூடாது. எழும்புவதற்கு எத்தனை நேரம் என்ற விதியையும் முதலிலேயே தீர்மானியுங்கள். இரண்டு நிமிடம் என்றால் அது ஓட்டக் கதை. ஆறு மணித்தியாலம் என்றால் குடும்பக் கதை. நடுவில் மாற்றினால் இரண்டும் கெடும். மரித்த உடல் சில மணித்தியாலத்தில் விறைக்கத் தொடங்கி, அரை நாளளவில் முழுதாக விறைத்து, பிறகு தளரும். எங்கள் வெக்கையில் இது இன்னும் விரைவு. எழும்பியது எந்த நேரம் என்பதற்கேற்ப அதன் நடை மாறும் என்று எழுதினால், பிரேதசாலை ஊழியர் ஒருவரைப் பாத்திரமாக்க வழி கிடைக்கும்: நடையைப் பார்த்தே எப்போது இறந்தது என்று சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

மரபில் இல்லை என்ற வாசகருக்கு ஒன்று. ஜெயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியில் போர்க்களத்துப் பேய்களுக்குக் கூழ் பரிமாற வைக்கும்போது, குருட்டுப் பேய், ஊமைப் பேய், பார்ப்பனப் பேய், சமணப் பேய் என்று ஒவ்வொன்றையும் தனித்தனி ஆளாக்கியிருக்கிறார். 12ஆம் நூற்றாண்டில் பேய்க்கே கொடுத்த அடையாளத்தை நாங்கள் மனிதருக்குக் கொடுக்க மறுக்கிறோம். ஸொம்பி பிறந்த ஹெயிட்டியில் அது சனத்தைத் தின்னும் கூட்டமுமல்ல. ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டுக் கரும்புத் தோட்டங்களில் உழைத்தவர்களின் பயம் அதற்குள் இருக்கிறது: செத்த பிறகும் தோட்டத்து வேலை விடாது என்ற பயம். தின்னும் கூட்டமாக அதை மாற்றியது 1968இல் வந்த ஒரு அமெரிக்கப் படம். மலையகத் தோட்டங்களில் வேர் உள்ள இளம் எழுத்தாளர் எவராவது அந்தப் பழைய ஸொம்பியைக் கையிலெடுத்தால், துரத்தலே இல்லாமல் ஒரு கதை எழுதலாம். அதைப் படிக்கக் காத்திருக்கிறோம்.

சொற்களைப் பங்கிடும் விதம் வேண்டுமென்று கேட்பவர்களுக்கு: முதல் 250 ஆளுக்கும் அவருடைய வேலைக்கும். 300க்கு முன் முதல் அறிகுறி. 700க்குக் கிட்ட, திரும்பிப் போக முடியாத ஒரு முடிவை அவரே எடுக்க வேண்டும், யாரோ தள்ளிவிட்டு அல்ல. கடைசி 400 அந்த முடிவின் விளைவுக்கு. எழுதி முடித்ததும் முதல் பந்தியைத் தூக்கிப் பாருங்கள். பாதிக்கு மேற்பட்ட கதைகள் இரண்டாம் பந்தியில்தான் தொடங்குகின்றன. ‘எல்லாம் கனவு’ என்று முடிப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். 1,500 சொல்லைப் படித்தவரிடம் அப்படிச் சொல்வது களவு.

ஆசிரியருக்கும் இரண்டு வேண்டுகோள். சிறுகதைப் பக்கத்தின் அடியில் சொல் எல்லையை அச்சிடுங்கள். தெரியாமல் 4,000 சொல் எழுதி அனுப்பி, வெட்டுப்பட்டு வரும்போது முதலில் போவது ஆட்கள், மிஞ்சுவது கடி. மற்றது, எந்த ஸொம்பிக் கதைக்கும் கல்லறையைப் பிளந்துகொண்டு கை நீளும் அதே படத்தைப் போடுகிறீர்கள். அண்மையில் வந்த ஒரு கதையில் பிணம் எழும்பியது முச்சக்கர வண்டியின் பின் ஆசனத்தில், மீற்றர் ஓடிக்கொண்டிருக்கும்போது.

இப்படிக்கு,
சிறுகதைப் பிரதிகளைத் திருத்துவோர் சிலர்,
கொழும்பு 06